மரங்களின் தோழர்

ஆங்கில நாட்டிலே 1889ஆம் ஆண்டு பிறந்த ரிச்சர்டு செயின்ட் பார்ப் பேக்கர், 1920ஆம் ஆண்டில் வன அதிகாரியாகக் கெனியாவுக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த கிக்குயு மக்கள் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுவர். மண் வலுவிழந்ததும் வேறிடம் பெயர்வர். வெள்ளையர் பெருநிலங்களைக் கவர்ந்துகொண்ட பின்னர் அவர்கள் பெயர்வதற்கு இடம் ஏது? வெட்டிய காடு மீண்டும் தழைக்கவும் காலம் இல்லை.

மரம் நடுமாறு வேண்டியபோது, அது கடவுளின் வேலை என்று அவர்கள் ஒதுங்கினர். பேக்கர் ஆணையிட்டாரல்லர். விதைப்புக்கும் அறுவடைக்கும் கூத்தாடும் மக்கள் மரத்திற்காகவும் ஆடலாகாதா என்று எண்ணினார். தலைவர் ஜோசையா ஞோன்ஜோவின் துணையால் 1922இல் அக்கூத்து நிகழ்ந்தது. ஏறத்தாழ 3,000 வீரர் திரண்டனர். அவருள் முதற்கண் 50 பேர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். ஆண்டுக்குப் பத்து மரம் நடுவதாகவும், எங்குள்ள மரங்களையும் காப்பதாகவும் அவர்கள் உறுதி பூண்டனர். வேல் பிடித்த கைகள் விதை பொறுக்கின, நாற்றங்கால் அமைத்தன. ‘மரங்களின் மக்கள்’ என்னும் சங்கம் இவ்வாறு பிறந்தது.

ஆப்பிரிக்கத் தொழிலாளி ஒருவரை அதிகாரி ஒருவர் அடிக்கக் கையோங்கியபோது, பேக்கர் குறுக்கே புகுந்து அவ்வடியைத் தாமே ஏற்றார். அதனால் அவர் பதவி இழந்தார். சங்கமோ பல நாடுகளிலும் பரவிற்று.

1982ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில், கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் அவர் ஒரு மரக்கன்றை நட்டார். நான்கு நாட்களுக்குப்பின் அந்நகரிலேயே உயிர் நீத்தார்.