மரணப் படுக்கையில் ஒரு வேண்டுகோள்



குற்றம் செய்தவனை எதற்காகத் தண்டிக்கிறோம்? அவன் திருந்தவா, பிறர் அஞ்சவா, அன்றி நம் நெஞ்சின் கொதிப்பு அடங்கவா? இக்கேள்வியோடு எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

கல்முனைக் கரையோரத் தமிழருக்கு அது இனிய பெயரன்று. 1899இல் கொழும்பில் ஆங்கிலிக்கன் குடும்பமொன்றில் பிறந்து, ஒக்ஸ்போர்டில் கற்று, பின்னர் பௌத்தம் தழுவிய அவர் 1956 ஏப்ரலில் பிரதமரானார். அவரது அரசு தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த அவ்வாண்டு ஜூனில், கல்முனைப் பகுதி வயல்களுக்கு நீர் தரும் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். 1958இல் இனக்கலவரம் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது.

ஆயினும் அதே 1958இல்தான் அவரது அரசு மரண தண்டனையை மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்துச் சட்டம் இயற்றியது.

1959 செப்டெம்பர் 25ஆம் நாள், தம் இல்லத்தில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த அவரைச் சோமராம என்னும் பௌத்த துறவி சுட்டார். உயிருக்குப் போராடிய வேளையிலும், தம்மைச் சுட்டவரைப் பழிவாங்காது இரக்கம் காட்டுமாறு அவர் மக்களை வேண்டினார். மறுநாள் உயிர்நீத்தார்.

நாடு அவ்வேண்டுகோளை ஏற்கவில்லை. ஆண்டு முடியுமுன்னரே தூக்குத்தண்டனை திரும்பியது. முன்னரே நடந்துவிட்ட அக்கொலைக்கும் பொருந்துமாறு சட்டம் எழுதப்பட்டது. சிறையில் திருமுழுக்குப் பெற்ற சோமராம, 1962 ஜூலை 6 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அந்நாள் புனித மரிய கொரற்றியின் நினைவுநாள். 60 ஆண்டுகளுக்கு முன், 1902இல், தன்னைக் குத்தியவனை மன்னித்து அந்த 11 வயதுச் சிறுமி இறந்தாள். அன்றைய இத்தாலியில் மரண தண்டனை நீக்கப்பட்டிருந்தது. ஆகவே கொலையாளி அலெசாண்ட்ரோ 27 ஆண்டுகள் சிறையிருந்தான். அங்கே மனந்திரும்பி, விடுதலையானபின் அவள் தாயை நாடி மன்னிப்புக் கேட்டான், பெற்றான். தண்டனை அவனுக்கு இருந்தது. திருந்தக் காலமும் இருந்தது. சோமராமவுக்கோ அக்காலம் மறுக்கப்பட்டது.

அன்பர்களே, மன்னிப்பது நீதியைக் கைவிடுவதன்று. கல்லோயாவில் மாண்டோர்க்கும் நீதி கேட்கும் உரிமை உண்டு. சமுதாயத்தைக் காக்கும் கடமை அரசுக்கும் உண்டு. ஆனால் குற்றத்தைத் தண்டிப்பது வேறு, குற்றவாளியை அழிப்பது வேறு. கல்முனையில் நம் அயலவரான இஸ்லாமியரின் சட்டநெறியிலும், கொலையுண்டவரின் உறவினர் மன்னிப்பதற்கு இடமுண்டு. இலங்கையில் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை; எனினும் சட்டத்தில் மரண தண்டனை நீடிக்கிறது. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ், மரண தண்டனை எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று எனத் திருஅவையின் மறைக்கல்வியைத் திருத்தினார்.

நம்மைக் காயப்படுத்திய ஒருவர் தம் இறுதி வேளையில் விட்டுச்சென்ற வேண்டுகோள் இது. அதை நாம் ஏற்போமா? இன்றிரவு குடும்பச் செபத்தில், நமக்குத் தீங்கிழைத்த ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் மனந்திரும்பக் காலம் வேண்டுவோம். ஆமென்.