ஒரு வரைபடம், இரு தொழிற்சாலைகள்: ஜான் பிரௌனிங் வாழ்க்கை

துப்பாக்கி செய்தவரின் வரலாறு, குடும்பத்தார் கூடிப் படிக்கும் ஆண்டு மலருக்கு ஏற்றதுதானா என்று அன்பர்கள் சிலர் ஐயுறக்கூடும். கொல்லும் கருவியைப் போற்றுவது நம் நோக்கமன்று. தம் கைத்திறனுக்குரிய விலை யாதென உணர்ந்து, அதற்காகப் பெரும் நிறுவனத்தோடு கொண்ட நெடுநாள் உறவையும் துறந்த ஒரு தொழிலாளியின் வரலாறு இது. மாதச் சம்பளத்தில் வாழும் நமக்கு அது அந்நியமானதன்று.

ஜான் மோசஸ் பிரௌனிங் 1855ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், அமெரிக்க நாட்டின் யூட்டா பகுதியில் ஆக்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜொனாதன் துப்பாக்கி பழுது பார்க்கும் கம்மியர். தந்தையின் பட்டறையே மைந்தருக்குக் கல்லூரியாயிற்று. தம் முதல் துப்பாக்கிக்கு 1879இல் காப்புரிமை பெற்று, உடன்பிறந்தாருடன் சிறு தொழிற்கூடம் நடத்தி வந்தார். 1883இல் புகழ்பெற்ற வின்செஸ்டர் நிறுவனத்தின் பென்னெட் என்பவர் ஆக்டனுக்கே நேரில் வந்து, அத்துப்பாக்கியின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கிச் சென்றார். அதன் பின்னர் பிரௌனிங் படைத்த நாற்பதுக்கு மேற்பட்ட அமைப்புகளை அந்நிறுவனம் வாங்கிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே முறை பணம். அத்துடன் கணக்குத் தீர்ந்தது. அவற்றுட் பல, போட்டியாளர் கையில் சிக்காதிருக்கும் பொருட்டே வாங்கி, செய்யப்படாமல் வைக்கப்பட்டன.

1900இல் அவர் காப்புரிமை பெற்ற தானியங்கும் ரவைத் துப்பாக்கி அவ்வழக்கத்தை மாற்றிற்று. சுட்டவுடன் குழலும் அடைப்பும் ஒன்றாய்ப் பூட்டிய நிலையில் பின்னோக்கிச் செல்லும். பின்பு குழல் மட்டும் முன்னே திரும்பும். வெற்றுத் தோட்டா வெளியே வீசப்படும். அடைப்பு புதுத் தோட்டாவுடன் முன்னேறிப் பூட்டிக்கொள்ளும். விசை இழுக்கும் வேலை ஒன்றே வேட்டைக்காரனுக்கு உரியது. பின்புறம் கூன் விழுந்தாற்போல் உயர்ந்த உடலமைப்பால் இதனை எளிதில் அடையாளம் காணலாம். இம்முறை பிரௌனிங் ஒரே தொகைக்கு உடன்படவில்லை. விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமைப்பங்கு வேண்டுமென்றார். பென்னெட் மறுத்தார். உறவு முறிந்தது.

அடுத்து ரெமிங்டன் நிறுவனத்தை நாடினார். 1902 ஜனவரி 8ஆம் நாள் அதன் தலைவர் ஹார்ட்லியைக் காணக் காத்திருந்தபோது, அவர் மாரடைப்பால் இறந்தார் என்ற செய்தியே வந்தது. மனந்தளராத பிரௌனிங் கடல் கடந்து பெல்ஜியம் சென்றார். அங்கே லியேஜ் நகருக்கு அருகிலுள்ள எர்ஸ்டால் என்னுமிடத்து எஃப்.என். நிறுவனம், அவருடைய கைத்துப்பாக்கியை முன்னரே செய்து வந்தது. அது உரிமைப்பங்குக்கு இசைந்தது. சில ஆண்டுகளில் ரெமிங்டனும் இசைந்து, நியூயார்க் மாகாணத்து இலியன் ஊரில் அதே துப்பாக்கியைச் செய்யலாயிற்று. அது பின்னர் 'மாடல் 11' எனப் பெயர் பெற்றது.

அரும்பொருள் சேகரிப்போர் இவ்விரண்டையும் ஒப்பிடும்போது, உடற்பகுதியின் இடப்புறத்தையே முதலில் நோக்குவர். பெல்ஜியத் துப்பாக்கியில் அங்கே சிறு நெம்பு ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் குழாயிலுள்ள தோட்டாக்கள் மேலேறா. வாத்துக்கென நிரப்பி வைத்தவன் எதிர்பாராது பெரிய பறவையைக் கண்டால், குழாயிலுள்ளவற்றைக் கலைக்காமல், அறையில் உள்ள ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வலிய தோட்டாவை இடலாம். ரெமிங்டன் இந்நெம்பை விட்டுவிட்டது. ஆகவே மாடல் 11இல் அது காணப்படாவிடின், கழன்று விழுந்தது என்று கருதலாகாது. அத்துப்பாக்கி பிறந்ததே அவ்வாறுதான்.

இதற்கு ஒரு சுவையான சான்றும் உண்டு. 1940இல் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தைக் கைப்பற்றியதும் எர்ஸ்டாலிலிருந்து சரக்கு வருவது நின்றது. பிரௌனிங் குடும்பத்தார் தம் பெயரிலேயே துப்பாக்கி செய்து தருமாறு ரெமிங்டனிடம் கேட்டனர். அவ்வாறு இலியனில் செய்தவற்றில் நெம்பு இடம் பெற்றது. ஒரே தொழிற்சாலை, ஒரே வகை இயந்திரங்கள். தன் பெயருக்கு நெம்பின்றியும், பிரௌனிங் பெயருக்கு நெம்புடனும் செய்தது. வேறுபாடு கைத்திறக் குறையால் விளைந்ததன்று. எது போதுமென்று முடிவு செய்தவரின் கருத்தால் விளைந்தது.

இவற்றையெல்லாம் காணப் பிரௌனிங் உயிருடன் இல்லை. 1926 நவம்பர் 26ஆம் நாள், எர்ஸ்டால் தொழிற்சாலையில் பணியில் இருந்தபோதே மாரடைப்பால் மறைந்தார். அவர் பெற்ற காப்புரிமைகள் 128. மாடல் 11 உற்பத்தி 1940களின் இறுதியில் நின்றது. பிரௌனிங் பெயர் தாங்கிய துப்பாக்கியோ, பெல்ஜியத்திலும் பின்னர் ஜப்பானிலுமாக 1990களின் இறுதிவரை தொடர்ந்தது.

செய்த வேலைக்கு ஒருமுறை கூலி பெற்று ஒதுங்குவது எளிது. வேலை வாழும் காலமெல்லாம் அதில் தனக்கொரு பங்குண்டு என்று வாதாடத் துணிவு வேண்டும். அத்துணிவு பிரௌனிங்குக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் வந்தது. நம் பிள்ளைகளுக்கு அது சற்று முன்னரே வாய்க்கட்டும்.