கார்கில்: பலசரக்கும் மண்ணெண்ணெயும்

திருகோணமலை நகருக்குச் சாமான் வாங்க வருகிற எங்கள் சனங்களுக்குக் கார்கில்ஸ் பூட் சிற்றி என்பது ஒரு குளிரூட்டிய கடை. அந்தப் பெயர் ஒரு மனிதருடையது என்பது பலருக்குத் தெரியாது. டேவிட் சைம் கார்கில் என்ற அந்த ஸ்கொட்லாந்துக்காரர் இறந்து 120 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர் பெரும் பணம் சம்பாதித்தது இரண்டு வியாபாரங்களில். ஒன்று பலசரக்கு, மற்றது மண்ணெண்ணெய். பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கு கிழக்கு மக்கள் வரிசையில் நின்றதும் பெரும்பாலும் இந்த இரண்டுக்காகத்தான்.

கார்கில் 1826ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய வாழ்க்கையின் திருப்பம் இலங்கையில் நிகழ்ந்தது. 1844இல் வில்லியம் மில்ன் என்ற இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர் கண்டியில் ஒரு வியாபாரத்தைத் தொடங்கினார். பொருட்களை இறக்குமதி செய்து களஞ்சியத்தில் வைத்து, மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்பதுதான் தொழில். அதில் இளைஞரான கார்கில் பங்காளியானார்.

இடமும் காலமும் தற்செயலானவை அல்ல. மலையகத்தில் காடு வெட்டிக் கோப்பி நடும் அவசரம் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. வெள்ளைக்காரத் துரைமாருக்குச் சீமைச் சாமான்கள் தேவைப்பட்டன. துணி, மதுபானம், தகரத்தில் அடைத்த உணவு, இரும்புக் கருவிகள் எல்லாம் கப்பலில் வந்து கண்டிக்கு ஏறின. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய கூலித் தொழிலாளர்கள் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் இறந்தவர்கள் பலர். அவர்களுடைய உழைப்பில் விளைந்த கோப்பியின் பணம்தான், துரைமாரின் கை வழியாக, கார்கிலின் கடைக்கும் வந்தது.

பின்னர் கார்கில் ஸ்கொட்லாந்து திரும்பி கிளாஸ்கோவில் நிலைகொண்டார். கப்பலில் எதை ஏற்றுவது, எங்கே அனுப்புவது என்பதை அங்கிருந்தே பார்த்துக்கொண்டார். கடை கொழும்புக்கும் விரிந்தது. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரே அழிந்தபோது தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. துரைமாரின் தேவை மாறவில்லை. கடை தப்பியது.

ஆனால், கார்கில் ஒரே நாட்டையும் ஒரே பயிரையும் நம்பியிருக்கவில்லை. 1870களில் பர்மாவில் தள்ளாடிக்கொண்டிருந்த இரங்கூன் எண்ணெய்க் கம்பனியை அவர் வாங்கினார். ஐராவதி ஆற்றங்கரையில் உள்ள யெனாஞ்சாங்கில் பரம்பரைக் குடும்பங்கள் கையாலேயே கிணறு தோண்டி எண்ணெய் எடுத்துவந்தன. அந்தப் பகுதி அப்போது பர்மிய மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1885இன் இறுதியில் பிரித்தானியப் படை மண்டலேயைப் பிடித்தது. 1886இன் முதல் நாளில் மேல் பர்மா பிரித்தானியாவுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டில் கார்கில் பர்மா ஒயில் கம்பனியைப் பதிவு செய்தார். படை திறந்துவிட்ட கதவால் வியாபாரம் உள்ளே போனது. இயந்திரத் துளையிடல் வந்தது. இரங்கூனுக்கு அருகே சுத்திகரிப்பு நடந்தது. மண்ணெண்ணெயும் மெழுகுதிரியும் இந்தியச் சந்தையை நிறைத்தன.

1904இல் கார்கில் இறந்தார். கொழும்புக் கோட்டை யோர்க் வீதியில் இன்றும் நிற்கிற சிவப்புக் கட்டடத்தின் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. 1906இல் அது முடிந்ததை அவர் காணவில்லை. அவருக்குப் பின் மகன் ஜோன் கார்கில் எண்ணெய்க் கம்பனியின் பொறுப்பை ஏற்றார். பாரசீகத்தில் எண்ணெய் தேடிப் பணமிழந்துகொண்டிருந்த வில்லியம் நொக்ஸ் டார்சிக்கு, பிரித்தானியக் கடற்படையின் தூண்டுதலில், பர்மா ஒயில் கைகொடுத்தது. 1908இல் அங்கே எண்ணெய் கிடைத்தது. 1909இல் உருவான ஆங்கிலோ பாரசீக எண்ணெய்க் கம்பனிதான் இன்றைய பிபி. கண்டியில் தொடங்கிய கடையின் பங்காளி விட்டுச்சென்ற முதல் அங்கே போய் நின்றது.

இந்தக் கதை திருகோணமலைக்கு இங்கேதான் திரும்புகிறது. பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதால், கப்பல் பாதைகளில் எண்ணெய்க் குதங்கள் தேவைப்பட்டன. சீனக்குடாவில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் தாங்கிகள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு வீசியபோது அவற்றில் ஒன்று எரிந்தது. மீதமுள்ள 99 தாங்கிகளைப் பற்றி 1987இன் இலங்கை இந்திய உடன்படிக்கையோடு சேர்ந்த கடிதங்களிலும் பேசப்பட்டது. 2022 ஜனவரியில் கொழும்பும் டில்லியும் அவற்றை மீண்டும் பங்கிட்டன: 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு. சில மாதங்களில் நாட்டில் மண்ணெண்ணெய் இல்லாமல் போனது. மீனவர்கள் படகைக் கரையில் ஏற்றிவிட்டு இருந்தார்கள். அந்த ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது.

கடைக்கு இன்னொரு கதை. 1946இல் கார்கில்ஸைச் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் வாங்கினார். சிலோன் தியேட்டர்ஸை நிறுவிய தமிழர் அவர். வெள்ளைக்காரனின் பெரிய கடை சுதந்திரத்துக்கு முன்பே ஒரு தமிழரின் கைக்கு வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. அக்கம்பனி தன் முதலாவது சுப்பர் மார்க்கெற்றைக் கொழும்பில் திறந்தது 1983இல். அதே ஆண்டு ஜூலையில் அந்நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. போர் முடிந்தபின் வடக்கு கிழக்கிலும் அதன் கிளைகள் பெருகின. 2013இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் எழுந்தது.

இடம்பெயர்ந்த காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டது சங்கக்கடையும், கொப்பியில் எழுதிக் கடன் தந்த மூலைக்கடையும்தான். சுப்பர் மார்க்கெற்றில் கொப்பி இல்லை. அங்கே விலை எல்லோருக்கும் ஒன்று, நிறை சரியாக இருக்கும், விவசாயியிடம் நேரடியாக வாங்கும் நிலையங்களும் அதற்கு உண்டு. இவை நன்மைகள்தான். ஆனால் எந்தக் கத்தரிக்காய் தேறும், எது கழியும் என்பதை விதைத்தவர் தீர்மானிப்பதில்லை.

கார்கில் கெட்டவரா நல்லவரா என்பது இங்கு கேள்வியல்ல. துறைமுகம், எண்ணெய், களஞ்சியம் மூன்றும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர்கள்தான் வரிசையின் நீளத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. திருகோணமலையில் இந்த மூன்றும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசும் மேசையில் இந்த ஊர்ச் சனங்களுக்கு இன்னும் கதிரை இல்லை.