கான்யூட் மன்னன்

கடலலைகளை நோக்கித் திரும்பிச் செல்லுமாறு ஆணையிட்ட அரசன் ஒருவனைப் பற்றி நாம் இளம்பருவத்திற் கேட்டிருக்கிறோம். அவனைச் செருக்குற்ற மூடன் என எண்ணி நகைப்போர் பலர். ஆனால், அவன் இறந்து ஏறக்குறைய நூறாண்டு சென்றபின் அக்கதையை எழுதிவைத்த ஹண்டிங்டன் நகரத்து ஹென்றி என்பவர் கூறுவது வேறு. மன்னரின் வல்லமை எத்துணை அற்பமானது என்பதைப் பிறர்க்கு உணர்த்தவே அவன் அலைவாய்க்கரையில் அமர்ந்தான் என்பது அவர் கூற்று. கதை மெய்யாயினும் பொய்யாயினும், அம்மன்னனின் சரித்திரம் மாணவர் அறியத்தக்கதேயாம்.

கான்யூட் என்பவன், வைக்கிங் கடலோடிகளின் தலைவனும் டென்மார்க்கு தேசத்து அரசனுமாகிய ஸ்வெயினின் புதல்வன். 1013-ம் ஆண்டில் தந்தையுடன் இங்கிலாந்தின்மேற் படையெடுத்துச் சென்றான். எதெல்ரெட் மன்னன் நார்மண்டிக்கு ஓடினான். மறு ஆண்டிலேயே ஸ்வெயின் இறந்துவிட, ஆங்கிலப் பிரபுக்கள் தங்கள் பழைய மன்னனையே திரும்ப அழைத்துக்கொண்டனர். பின்வாங்க நேர்ந்த கான்யூட், தன் தந்தையிடம் பிணையாக ஒப்புவிக்கப்பட்டிருந்தோரின் கைகளையும் செவிகளையும் மூக்குகளையும் அறுத்து, அவர்களைச் சாண்ட்விச் துறையில் இறக்கிவிட்டுச் சென்றான். இக்கொடுமையை மறைத்து அவன் புகழைப் பாடுதல் முறையன்று.

1015-ல் அவன் மீண்டும் வந்தான். எதெல்ரெட் இறந்தபின் அவன் மகன் எட்மண்டு வீரமுடன் எதிர்த்தான். 1016 அக்டோபர் 18-ம் தேதி அஸ்ஸண்டூன் போரில் கான்யூட் வென்றான். இருவரும் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். நவம்பர் 30-ம் தேதி எட்மண்டு இறக்கவே, நாடு முழுவதும் கான்யூட்டுக்கு உரியதாயிற்று.

1018-ல் அவன் குடிகளிடம் 72,000 பவுனும், இலண்டன் நகரத்தாரிடம் தனியே 10,500 பவுனும் வரியாக வாங்கினான். அது பெருஞ்சுமையே. எனினும், அப்பொருளைப் படையினர்க்கு ஊதியமாகக் கொடுத்து, நாற்பது கப்பல்களை மட்டும் நிறுத்திக்கொண்டு, ஏனையவற்றை டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டான். அவ்வாண்டே ஆக்ஸ்போர்டில் டேனியரும் ஆங்கிலேயரும் கூடி, முன்னாள் மன்னன் எட்கரின் நீதிமுறையைக் கைக்கொள்ள இசைந்தனர். டேனியர் விளைத்த கேட்டை எண்ணி முன்பு தம் மக்களுக்கு உள்ளம் பதறப் பிரசங்கித்த யார்க்கு நகரப் பிரதம அத்தியட்சர் உல்ப்ஸ்டன் என்பவரே கான்யூட்டின் சட்டங்களை வகுத்து எழுதினார். பகைவரின் அறிவையும் நாடிக் கேட்கும் பெருந்தன்மை அவனிடம் உண்டாயிருந்தது.

1019-ல் டென்மார்க்கும், 1028-ல் நார்வேயும் அவன் ஆட்சிக்குட்பட்டன. இதற்கிடையில், 1027-ல் ரோமாபுரி சென்று, யாத்திரிகரும் வணிகரும் வழியிற் செலுத்திய சுங்கத்தைக் குறைப்பித்தான். தன் பொருட்டாயினும் குடிகளிடம் அநியாயமாய்ப் பொருள் பறித்தலாகாது என்று அதிகாரிகளைக் கண்டித்து இங்கிலாந்துக்கு நிருபமும் விடுத்தான்.

1035 நவம்பர் 12-ம் தேதி அவன் ஷாப்ட்ஸ்பரியில் இறந்தான். அவனது உடல் வின்செஸ்டரில் அடக்கஞ்செய்யப்பட்டது. அவன் மைந்தர் இருவரும் ஒருவர்பின் ஒருவராய் இங்கிலாந்தை ஆண்டு மடிந்தனர். 1042-ல் எதெல்ரெட்டின் மகன் எட்வர்டு அரியணை ஏறினான். வாளால் ஈட்டிய பேரரசு ஏழாண்டுகளுக்குள் சிதறிற்று. ஆனால் 1065-ல் வடநாட்டார் கலகம் செய்தபோது, அவர்களை அமைதிப்படுத்தும்பொருட்டு எட்வர்டு மன்னன் புதுப்பித்து அளித்தது கான்யூட்டின் சட்டமேயாகும். தன் தந்தையின் நாட்டைக் கவர்ந்தவனுடைய நீதியை அவனே நிலைநாட்ட வேண்டியதாயிற்று.

மாணவர்களே! வென்ற நிலம் கைமாறும். செய்த கொடுமை சரித்திரத்தில் நிற்கும். வழங்கிய நீதியோ பகைவர் வழியினராலும் போற்றப்படும். தலைமை ஏற்க விரும்புவோர் இம்மூன்றையும் சிந்திப்பாராக.