பதவியைத் துறந்த ஆளுநர்

2022 செப்ரெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. அரசுக்காக மத்திய வங்கி பணம் அச்சிட்டதன் விலையை, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற எமது குடாநாட்டுக் கடற்றொழிலாளரும் விவசாயிகளும் செலுத்தினர். இவ்விடத்தில் சேர் பெனகல் ராமராவின் வாழ்வை நாம் நினைவுகூருவது பொருத்தமானது.

1889 இல் பிறந்த அவர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றவர். யப்பானிலும் அமெரிக்காவிலும் இந்தியாவின் தூதுவராகப் பணியாற்றிய பின், 1949 இல் இந்திய ரிசேர்வ் வங்கியின் ஆளுநரானார். கொரிய யுத்தத்தால் விலைகள் ஏறியிருந்த சூழலில், 1951 நவம்பரில் வங்கி வீதத்தை 3 இலிருந்து 3.5 ஆக உயர்த்தினார்.

1956 இல் நிதியமைச்சரான ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி, உண்டியல்கள் மீதான முத்திரைத் தீர்வையை உயர்த்தினார். பெயரளவில் அது வரி. விளைவிலோ வட்டி உயர்வு. கடனை இறுக்குவதில் இருவருக்கும் பெரும் பேதமில்லை. அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே தகராறு. ரிசேர்வ் வங்கியைத் தமது அமைச்சின் ஒரு பிரிவாகவே அமைச்சர் கருதினார். பிரதமர் நேருவும் அமைச்சரின் பக்கமே நின்றார். 1957 ஜனவரியில் ராமராவ் பதவி விலகினார். ஏழரை ஆண்டுகள் ஆளுநராக இருந்த அவர் 1969 இல் காலமானார்.

இலங்கையில் 1949 ஆம் ஆண்டுச் சட்டம் திறைசேரிச் செயலாளரை நாணயச் சபையில் அமர்த்தியது. 2023 ஆம் ஆண்டுச் சட்டம் அவரை விலக்கி, அரசுக்கு நேரடியாகக் கடன் வழங்குவதையும் தடுத்தது. வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் சட்டம் மட்டும் போதாது. அமைச்சருக்கு மறுப்புச் சொல்லவும், வேண்டின் பதவியைத் துறக்கவும் துணிந்த ஆளுநர்கள் இல்லையேல், அதன் சுமை மீண்டும் எமது மக்களின் தலையிலேயே விழும்.