ஒரு கிடேரியில் ஆரம்பித்த ஷேர் கதை!

இன்னிக்கு நீங்க வாங்குற ஷேர் எல்லாம் டீமேட் கணக்குல வெறும் எண்ணாதான் இருக்கும். ஆனா ஒரு காலத்துல ஷேர்னா காகிதம். போலி அடிக்க முடியாதபடி நுணுக்கமான பார்டர், படம், கையெழுத்துனு ரூபாய் நோட்டு மாதிரியே இருக்கும். அந்தப் பழைய பத்திரங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறதுக்கு ‘ஸ்கிரிப்போஃபிலி’னு பேர். அப்படிச் சேர்க்கப்படும் அமெரிக்கப் பத்திரங்களில் ஒன்று, ‘ஸ்விஃப்ட் அண்ட் கம்பெனி’. சிகாகோவின் இறைச்சி நிறுவனம். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் யார் தெரியுமா?

குஸ்டாவஸ் ஃபிராங்க்ளின் ஸ்விஃப்ட். 1839-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியில் பிறந்தவர். 14 வயசுல அண்ணனோட கறிக்கடையில் வேலை. 16 வயசுல, அப்பா கொடுத்த பணத்தில் ஒரு கிடேரியை வாங்கி, அறுத்து, கறியை விற்றார். அதுதான் முதல் பிசினஸ்!

ஐஸில் பயணித்த கறி

1875-ல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். அப்போ அங்கிருந்து கிழக்கு நகரங்களுக்கு மாடுகளை உயிரோடுதான் ரயில்ல அனுப்புவாங்க. வழியில தீனி, தண்ணி கொடுக்கணும். சில மாடுகள் இளைக்கும், சில செத்தே போகும். அதைவிட, மாட்டோட எடையில பாதிக்கும் மேல சாப்பிட முடியாத பகுதி. அதுக்கும் சேர்த்து ஏன் ரயில் கட்டணம் கொடுக்கணும்னு யோசிச்சார் ஸ்விஃப்ட்.

சிகாகோவிலேயே அறுத்து, கறியை மட்டும் அனுப்பலாம். ஆனா கெட்டுப்போகுமே? ஆண்ட்ரூ சேஸ் என்ற இன்ஜினீயரைப் பிடித்தார். ரயில் பெட்டியின் மேல்பகுதியில் ஐஸ். குளிர்ந்த காற்று தானா கீழே இறங்கும். எளிமையான ஐடியாதான், வேலை செய்தது.

ரயில் கம்பெனிகள் முரண்டு பிடித்தன. மாட்டு வண்டிகளிலும் தொழுவங்களிலும் அவங்க ஏகப்பட்ட பணத்தைப் போட்டிருந்தாங்களே! ஸ்விஃப்ட் அசரல. கனடா வழியா ஓடும் கிராண்ட் டிரங்க் ரயில்வேயைப் பிடித்தார். பெட்டிகளைத் தானே செய்துகொண்டார், வழியெல்லாம் ஐஸ் நிரப்பும் நிலையங்களை அமைத்தார். எதிர்த்த உள்ளூர் கறிக்கடைக்காரர்கள் பலரைப் பார்ட்னராவே சேர்த்துக்கிட்டார்.

1885-ல் 3 லட்சம் டாலர் மூலதனத்தில் கம்பெனி பதிவானது. 1903-ல் அவர் இறந்தபோது அது 2.5 கோடி டாலர். 21,000-க்கும் அதிகமான ஊழியர்கள். கொழுப்பு சோப்பானது, எலும்பு பசையும் உரமுமானது. எதுவுமே வீணாகல.

பத்திரத்தில் இல்லாத பக்கம்

அந்தத் தொழிற்கூடங்களில் மாடு ஒவ்வோர் ஆளாகக் கடந்து போகும். ஒருத்தருக்கு ஒரே வெட்டுதான் வேலை. ஹென்றி ஃபோர்டு கார் அசெம்பிளி லைனுக்கு ஐடியா எடுத்தது சிகாகோவின் இந்த முறையில இருந்துதான்.

ஆனா அதுல நின்றவங்களுக்குக் குறைஞ்ச கூலி, நீண்ட வேலை நேரம், ஆபத்தான கத்தி வேலை. 1904-ல் தொழிலாளர்கள் நடத்திய ஸ்டிரைக் தோற்றது. பெரிய கறி நிறுவனங்கள் கைகோத்து விலையை முடிவு பண்றாங்கனு அரசு போட்ட வழக்கில், 1905-ல் உச்ச நீதிமன்றம் ஸ்விஃப்ட் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1906-ல் அப்டன் சின்க்ளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ நாவல் சிகாகோ கறிக்கூடங்களின் நிலைமையைச் சொல்ல, நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது.

பழைய பத்திரம் வாங்கணும்னு ஆசை வந்தா, ஒரு விஷயம். ஓட்டை குத்தியோ முத்திரை போட்டோ ரத்து செய்யப்பட்டிருந்தா, அது அழகுப் பொருள் மட்டும்தான், ஷேரா செல்லாது. நிறுவனரின் அசல் கையெழுத்து இருந்தா மதிப்பு எகிறும். கத்தி பிடிச்சவங்க பேர் மட்டும் அதுல எந்த மூலையிலயும் இருக்காது.