நோய்களைத் தமிழில் எழுதிய மருத்துவர்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், ஸ்காட் சாலையில் ஒரு கந்தசுவாமி கோயில் இருக்கிறது. அதனை எழுப்பியவர்கள், நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த தமிழர்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள். ரயில்வே துறையிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாகவும், மருத்துவமனைகளில் உதவியாளர்களாகவும் அவர்கள் பணியாற்றினர். ஆங்கிலக் கல்விதான் அவர்களைக் கடல் கடக்க வைத்தது.

இப்படி நடக்கும் என்று வெகு காலத்துக்கு முன்னரே எண்ணிக் கவலைப்பட்டவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவர் தமிழர் அல்லர், அமெரிக்கர். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

கிரீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் அது. நியூயார்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பூங்கா உருவாகக் காரணமாக இருந்தவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ கிரீன் இவருடைய அண்ணன்தான். அண்ணன் ஒரு மாநகரத்தை வளர்த்தெடுக்க, தம்பியோ உலகின் மறுகோடியிலிருந்த சிற்றூர் ஒன்றைத் தேடிச் சென்றார். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்ற அவர், அமெரிக்க மிஷன் அனுப்பிய மருத்துவராக 1847ஆம் ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.

முதலில் வட்டுக்கோட்டையிலும் அடுத்த ஆண்டில் மானிப்பாயிலும் அவர் பணியைத் தொடங்கினார். நோயாளிகள் மாட்டு வண்டியிலும், கயிற்றுக் கட்டிலிலும், உறவினர் தோளிலும் வந்து சேர்ந்தனர். அக்காலத்தில் யாழ்ப்பாண மக்கள் நோய் வந்தால் நாடியது ஊர்ப் பரியாரியைத்தான். வெள்ளைக்கார மருத்துவரிடம் வருவதற்கு அவர்கள் தயங்கினார்கள். பல வேளைகளில், எல்லா மருந்தும் கைவிட்ட பின்னரே அவரிடம் வந்தார்கள். அவரோ ஒருவர், சுற்றிலும் இருந்த ஊர்களோ பல. தம்முடன் சேர்ந்து உழைக்க உள்ளூர் மருத்துவர்கள் வேண்டும் என்பதைக் கிரீன் விரைவில் உணர்ந்தார். ஆகவே, 1848ஆம் ஆண்டிலேயே சில தமிழ் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. நூல்களும் ஆங்கில நூல்களே. மாணவர்கள் கெட்டிக்காரர்கள், நன்றாகத் தேறினர். ஆனால், படித்து முடித்தவர்களுள் பலர் கிராமங்களில் தங்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த மருத்துவருக்கு அரசாங்க வேலை காத்திருந்தது. நல்ல சம்பளம் கிடைத்தது. அதைக் குற்றமென்று சொல்ல முடியாது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய இளைஞன் நல்ல வேலையைத் தேடிப் போவது இயல்பு. ஆயினும், மானிப்பாயைச் சுற்றியிருந்த ஊர்களில் நோயாளிகள் முன்போலவே மருத்துவரின்றிக் கிடந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மாணவன் நோயைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தான். நோயாளி தமிழில் பேசினார். வயிற்றில் என்ன வகையான வலி, காய்ச்சல் எப்போது ஏறி எப்போது இறங்குகிறது, குளிர் நடுக்கம் உண்டா என்பதையெல்லாம் தமிழில் கேட்டறிந்து, மனத்துக்குள் ஆங்கிலத்துக்கு மாற்றி, நூலில் உள்ளதோடு ஒப்பிட்டு, மீண்டும் தமிழில் விளக்க வேண்டும். இந்த வழியில் எங்கேனும் ஒரு சொல் தவறினால் மருந்தும் தவறிவிடும்.

கிரீன் ஒரு முடிவுக்கு வந்தார். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும்; அதற்கு முதலில் மருத்துவ நூல்கள் தமிழில் வேண்டும். இதற்குள் அவர் தமிழை நன்கு கற்றுத் தேர்ந்திருந்தார். 1857ஆம் ஆண்டில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, உடலின் அமைப்பு, உடல் இயங்கும் முறை, உடல்நலம் பேணுதல் ஆகிய மூன்றையும் கூறும் நூல். மற்றொன்று பிரசவ வைத்தியம். பத்தாண்டுக் கடும் உழைப்பால் உடல் நலிந்திருந்த கிரீன், அதன்பின் ஓய்வுக்காகத் தாயகம் சென்றார். 1862இல் மனைவியுடன் திரும்பி வந்தார். 1864ஆம் ஆண்டு மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவ வகுப்பு தொடங்கியது.

அந்த வகுப்பை எல்லாரும் வரவேற்கவில்லை. ஆங்கிலம் இல்லாத படிப்பால் வேலை கிடைக்குமா என்று மாணவர்களும் பெற்றோரும் கேட்டனர். நியாயமான கேள்விதான். கிரீன் தம் கருத்திலிருந்து அசையவில்லை. தம் மாணவர்கள் தொப்பியும் காற்சட்டையும் அணிந்து ஐரோப்பியரைப் போல மாறுவதையும் அவர் விரும்பவில்லை. வேட்டி உடுத்து, ஊர் மக்களுள் ஒருவராக வாழ்ந்து, அவர்கள் மொழியில் பேசும் மருத்துவரே ஊருக்குப் பயன்படுவார் என்பது அவர் எண்ணம்.

இனி வேலை நூல்களில் இருந்தது. 1867இல் இரண வைத்தியம் என்ற அறுவை மருத்துவ நூல் வந்தது. 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெரிய உடற்கூற்று நூல் வந்தது. இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் பயிலும் கிரே என்பவரின் நூலைத் தழுவியது அது. அதே ஆண்டில் வெளிவந்ததுதான் வைத்தியாகரம். ஆகரம் என்றால் சுரங்கம் என்று பொருள். இது நோய்களைப் பற்றிய நூல். ஹூப்பர் என்ற ஆங்கிலேய மருத்துவரின் கைந்நூலை மூலமாகக் கொண்டது.

நோயைப் பற்றி எழுதுவது எளிய வேலையன்று. மருத்துவன் அவசரத்தில் புரட்டிப் பார்க்கும் நூல் அது. எதிரே நோயாளி கிடப்பார். பக்கத்தில் உறவினர் அழுதுகொண்டிருப்பார். அந்த நேரத்தில் நீண்ட விளக்கம் உதவாது. ஆகவே, இவ்வகைக் கைந்நூல்கள் ஒவ்வொரு நோயையும் ஓர் ஒழுங்கில் சொல்லும். நோயின் பெயர் என்ன, அதன் குறிகள் யாவை, அது எதனால் வருகிறது, அதைப்போலவே தோன்றும் வேறு நோயிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது, நோய் எப்படி முடியக்கூடும், என்ன மருத்துவம் செய்ய வேண்டும் என்று வரிசையாக வரும். எந்த நோயைப் புரட்டினாலும் வேண்டிய செய்தி எந்த இடத்தில் இருக்கும் என்பது படிப்பவனுக்குத் தெரியும்.

இவற்றுள் மிகக் கடினமான பகுதி, ஒரு நோயை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது. ஊர் மக்களுக்கு எல்லாமே காய்ச்சல்தான். ஆனால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் நடுக்கத்தோடு வரும் முறைக்காய்ச்சல் வேறு. இடைவிடாமல் வாரக்கணக்கில் காயும் காய்ச்சல் வேறு. சாதாரண வயிற்றுப்போக்கு வேறு. சில மணி நேரத்தில் உடலின் நீரையெல்லாம் வற்றச் செய்து உயிரைப் பறிக்கும் வாந்திபேதி வேறு. இந்த வேறுபாட்டை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் இரண்டு பொருள் தந்தால்கூட ஆபத்து.

அதற்கேற்ற சொற்களைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. கிரீன் முதலில் தமிழ் நூல்களிலும் மக்கள் வழக்கிலும் சொல் தேடினார். கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அங்கும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கேற்ப மாற்றிக்கொண்டார். உடற்கூற்று இயல் அங்காதிபாதம் ஆயிற்று. உடல் இயங்கும் முறையைக் கூறும் இயல் சுகரணவாதம் ஆயிற்று. உடல்நலம் பேணும் இயலுக்கு உற்பாலனம் என்று பெயரிட்டார். வேதியியலுக்கு அவர் சூட்டிய பெயர் கெமிஸ்தம். இன்று இவை நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இவற்றுள் பல நிலைக்கவும் இல்லை. ஆனால், பின்னால் வந்தவர்கள் திருத்துவதற்கும் மாற்றுவதற்கும் முதலில் யாராவது ஒரு சொல்லைத் தந்தாக வேண்டுமல்லவா? கிரீன் கலைச்சொல் தொகுதிகளையும் வெளியிட்டார்.

இந்த உழைப்பு அவர் ஒருவருடையது மட்டுமன்று. சாப்மன், சுவாமிநாதன் முதலிய அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்தனர். கிரீன் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். தமிழ் பிறந்த மொழியாக வாய்த்தவர்களும் மருத்துவத்தை ஆழ்ந்து கற்றவரும் ஒரே மேசையில் அமர்ந்ததால்தான் அந்நூல்கள் உருவாயின. யாழ்ப்பாணத்தில் அவர் பயிற்றுவித்த மருத்துவர்கள் 60க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள்.

1873இல் உடல்நலக் குறைவால் கிரீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். ஆனால், வேலையை விடவில்லை. பனி கொட்டும் வூஸ்டர் நகரில் இருந்துகொண்டு தமிழ் நூல்களைத் தொடர்ந்து உருவாக்கினார். கப்பல் தபாலைத் தவிர வேறு வழியில்லாத காலம் அது. 1875இல் கெமிஸ்தம் வெளிவந்தது. 1883இல் மனுஷ சுகரணம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே 28ஆம் நாள், தமது 61ஆம் வயதில் கிரீன் காலமானார். தாம் தமிழர்களுக்கு மருத்துவப் பணி செய்தவர் என்பதைக் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். வூஸ்டரிலுள்ள அவருடைய கல்லறைக் கல்லில் அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருடைய நூல்களின் கதை வேறு. 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டிருந்தது. கிரீன் ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் மானிப்பாயின் தமிழ்வழி வகுப்பு நின்றுபோனது. மருத்துவ அறிவோ நிற்கவில்லை. கிரீன் இறந்த அதே 1884ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். 1897இல் ரொனால்ட் ராஸ், முறைக்காய்ச்சல் கொசுவால் பரவுவதற்கான சான்றை இந்தியாவில் கண்டறிந்தார். முன்னர் நெடுங்காலம் சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே அக்காய்ச்சலுக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்தது. 1872இல் எழுதப்பட்ட எந்த மருத்துவ நூலும், எந்த மொழியில் இருந்தாலும், திருத்தி எழுதப்பட வேண்டியதாயிற்று. ஆங்கில நூல்கள் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டன. தமிழ் நூல்களைத் திருத்த, அவற்றைக் கொண்டு பாடம் நடத்தும் ஒரு பள்ளி இருந்திருக்க வேண்டும்.

1901ஆம் ஆண்டு கிள்ளான் நகருக்கு மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் வந்தார். அவ்வட்டாரத்தில் முறைக்காய்ச்சல் தலைவிரித்தாடிக் கொண்டிருந்தது. வாட்சனின் முயற்சியால் சதுப்பு நிலங்களின் நீர் வடிக்கப்பட்டது, புதர்கள் அழிக்கப்பட்டன, கொசுக்கள் குறைந்தன, காய்ச்சலும் குறைந்தது. உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற சாதனை அது. தாம் கண்டவற்றை வாட்சன் 1911இல் ஒரு நூலாக விரிவாக எழுதினார். அந்த நூல் ஆங்கிலத்தில் இருந்தது. கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அந்தக் காய்ச்சலால் விழுந்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளர்கள். மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவ வகுப்பு நின்று அப்போது நெடுங்காலம் ஆகியிருந்தது.